அரைச் சுற்று

அலகு என்பது ஒன்றல்ல, இரண்டு.
கீழே அசையாத சீப்பு,
மேலே ஓயாத வெட்டி.
ஒட்டியும் ஒட்டாமலும் அவை உரசினால்தான்
நடுவில் மயிர் அறும்.
இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது,
புர்க்டோர்ஃபில் என் கடைப்படி ஏறுகிறவர்களிடம்.
தலையாட்டுவார்கள்.
வீட்டுக்குப் போய்த் திருகை இறுக்குவார்கள்.

செப்டம்பரில் மாட்டுக் கண்காட்சி.
மலையிலிருந்து பசுக்கள் இறங்குமுன்
மெஷின்கள் இறங்கிவிடும்:
அட்டைப்பெட்டியில், பாண் சுற்றிய பையில்,
ஒருமுறை ஒற்றைப் பனிச்சப்பாத்துக்குள்.
திறந்தால் காய்ந்த சாணத்தின் வாசம்,
பல்லிடுக்கில் செம்பட்டை மயிர்.

முதலில் மண்ணெண்ணெய்க் குளியல்.
தேய்ப்பதற்குப் பழைய பல் பிறஷ்,
(அது தன்னுடையதல்ல என்று மகள் நம்புகிறாள்).
பிறகு சாணைத் தட்டு.
காந்தத்தில் அலகை ஒட்டி
எண்ணெயும் பொடியும் பூசிய வட்டத்தில்
ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு,
எண்ணி எட்டு மூச்சு.
ஒன்பதாவது பேராசை.
இரும்பு காய்ந்து பதம் இழக்கும்.

தீட்டியதைச் சோதிக்க மயிர் வேண்டும்.
ஈரக் காகிதம் பொய் சொல்லும்,
கம்பளித் துண்டு முகஸ்துதி பாடும்.
உள்ளதைச் சொல்வது
உயிருள்ள தோலில் முளைத்தது மட்டும்.
அந்தக் கிழமை என் கணவரின் முன்கைகள் இரண்டும்
தோல் சீவிய மரவள்ளி.
பஸ்ஸில் ஒருத்தி, என்ன நோய் என்று கேட்டாளாம்.
மனைவி, என்றாராம்.

வெள்ளி மாலை, ஆறு பத்து.
கதவு பூட்டும் நேரத்தில் ஏஷ்லிமான் வந்தார்,
சட்டையின் இரண்டாம் பொத்தான்வரை தாடியோடு.
விடிந்தால் கண்காட்சி.
"வெட்டவில்லை. பிடுங்குகிறது. ஃப்ளோரா உதைத்தாள்."
எங்கே என்று தொடையில் தொட்டுக் காட்டினார்.

ஓடவிட்டுக் கேட்டேன்.
வயிற்றுவலிக்காரன் தேவாரம் பாடுவதுபோல் இருந்தது.
திருகு கடைசிப் புரிவரை இறுகிக் கிடந்தது.
வெட்டாததால் இறுக்கியிருக்கிறார்,
இறுக்கியதால் சூடு,
சூட்டால் மழுக்கம்,
மழுங்கியதால் இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார்.
"எவ்வளவு நாளாக?"
"ஈஸ்டரிலிருந்து."

எட்டு மூச்சு. மூன்று துளி எண்ணெய்.
மோட்டாரின் குரல் தாழும்வரை திருகி
அங்கிருந்து அரைச் சுற்று பின்னால்.
இனி மயிர்.

கணவர் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.
ஏஷ்லிமானின் கண் என் பின்னலுக்குப் போனது,
நான் பார்த்த பார்வையில் தரைக்குப் போனது.
கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கதைக்கவில்லை.
பிறகு கதிரையில் உட்கார்ந்து
தானாகவே நாடியை உயர்த்தினார்.

காதடியிலிருந்து கீழே ஒரே இழுப்பு.
மோட்டாரின் சத்தம் மாறவேயில்லை.
அதுதான் சான்று. அதோடு நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் பாதித் தாடியோடு ஒரு மனிதரை
எப்படி ரயிலேற்றுவது?
மற்றப் பக்கமும் போனது.
இருபத்தாறு வருடம் மடியில் விழுந்து கிடக்க
வெளிச்சம் படாத முகம் ஒன்று,
மா பூசியதுபோல் வெளிறி.
நாடியின் நடுவில் சிறு குழி.
அதை விரலால் தேடிப் பிடித்து,
"இது இன்னும் இருக்கிறதா" என்றார்.

தீட்டக் கூலி இருபத்தெட்டுப் பிராங்.
சவரத்துக்கு எவ்வளவு என்றார்.
சோதனை இலவசம், என்றேன்.
திருகு நிற்க வேண்டிய இடத்தில்
மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு,
இதைத் தாண்டக்கூடாது என்றேன்.
தலையாட்டினார்.

திங்களன்று போன் வந்தது.
மூன்றாம் இடமாம். முதுகுக் கோடு
மட்டப்பலகை வைத்ததுபோல் நேராம்,
மடி நரம்பு ஒவ்வொன்றையும் எண்ணலாமாம்.
ஆனால் சனி விடியற்காலை
தொழுவத்துக்குள் அவரை விடவில்லையாம் ஃப்ளோரா.
குரல் அவர் குரல், மணம் அவர் மணம்,
முகம் மட்டும் யாரோ.
நெடுநேரம் ஊதி ஊதி மோந்துவிட்டு
கடைசியில் சொரசொரத்த நாக்கால்
அந்தக் குழியை ஒருமுறை நக்கினாளாம்.
அதன்பிறகு பால் கறக்க நின்றாளாம்.

"தாடியை மறுபடி வளர்க்கிறேன்,
அடுத்த செப்டம்பருக்கு உங்களுக்குத் தேவைப்படும்" என்றார்.
பின்னறையிலிருந்து என் கணவர்
மிக உரத்த ஜெர்மனில்
நன்றி சொன்னார்.